முன்னா, பின்னா, நடுவா: ஏற்காடு ஏறும் சைக்கிளுக்கு மோட்டார் எங்கே?

சாதாரண சைக்கிளில் மோட்டார் மாட்டும் மின் சைக்கிள் கிட் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" என்றுதான். சேலம் ஊருக்குள் ஓட்டுவதற்கு அந்தக் கேள்வி போதும். அடிவாரம் தாண்டி ஏற்காடு மலைப்பாதையில் ஏற நினைக்கிறவர் வேறொன்றைக் கேட்க வேண்டும்: வழியில் இருக்கிற மிகச் செங்குத்தான இடத்தில் சைக்கிள் என்ன வேகத்தில் போகும்? மோட்டார் முன் சக்கரத்திலா, பின் சக்கரத்திலா, பெடல் அச்சிலா என்பதை அந்த வேகம்தான் முடிவு செய்கிறது.

மோட்டார் எவ்வளவு இழுக்கிறதோ அதற்கேற்ற கரண்ட் அதில் ஓடும். கரண்ட் இரண்டு மடங்கானால் செம்புச் சுருளில் உண்டாகும் சூடு நான்கு மடங்காகும். இந்தக் கணக்கில் சக்கரம் சுற்றும் வேகத்துக்கு இடமில்லை. ஒரே மேட்டை 16 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினாலும் 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினாலும் மோட்டார் தரும் இழுவை ஒன்றே என்றால், ஒவ்வொரு நிமிடமும் உண்டாகும் சூடும் ஒன்றே. ஆனால் 8-ல் ஏறினால் இரண்டு மடங்கு நேரம் ஆகும். அதனால் மேல் போய்ச் சேர்வதற்குள் மோட்டாருக்குள் இறங்கிய மொத்தச் சூடும் இரண்டு மடங்கு. மெதுவாகப் போனால் மோட்டாருக்கு நல்லது என்று நினைத்து, பெடல் போடாமல் த்ராட்டிலை முழுக்கத் திருகிக்கொண்டு ஊர்ந்து ஏறுவதுதான் ஹப் மோட்டாரை, அதாவது சக்கரத்தின் நடுவிலேயே உட்காரும் மோட்டாரை, எரிக்கும் வழி.

நம் மலைக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேல். இந்த ஏற்றத்தில் பெரும்பகுதி அடிவாரத்துக்குப் பிறகு வரும் சுமார் 20 கிலோமீட்டரில், 20 கொண்டை ஊசி வளைவுகளில் இருக்கிறது. சராசரியாக 100 மீட்டர் போனால் 6 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக ஏறும். 6 என்றே வைத்துக்கொள்வோம். வளைவின் உள்பக்கம் இதைவிட நிமிர்ந்திருக்கும், அதற்கு 11 என்று வைப்போம்.

ஓட்டுபவர் 75 கிலோ, சைக்கிளும் பேட்டரியும் பையும் 30 கிலோ, ஆக மொத்தம் 105. 6 சதவீத மேட்டில் புவியீர்ப்பு பின்னால் இழுப்பது 6.3 கிலோ, டயர் உருள்வதற்கு ஒரு கிலோ, காற்றுக்கு அரை கிலோ. 15 கிலோமீட்டர் வேகத்தில் இதைத் தாண்ட சுமார் 320 வாட் வேண்டும். பழக்கமுள்ள ஒருவரின் கால்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாமல் 100 வாட் தரும். மீதி 220 வாட் மோட்டாருடையது. கேட்டவுடன் 250 வாட் மோட்டாரே போதும் என்று தோன்றும். வாட் எண் ஏமாற்றுவது இந்த இடத்தில்தான்.

26 அங்குலச் சக்கரத்தில் மணிக்கு 25 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 200 சுற்று. அந்தச் சுற்றில் 250 வாட் தரும் ஹப் மோட்டாரின் திருகு விசை, அதாவது சக்கரத்தைச் சுற்றும் பலம் (டார்க்), 12 நியூட்டன் மீட்டர். அதுதான் அது நாள் முழுக்கத் தாங்கும் அளவு. மலைப்பாதையில் 15 கிலோமீட்டர் வேகத்தில், கால்களின் பங்கைக் கழித்த பிறகும், அதே ஹப் 17 முதல் 18 நியூட்டன் மீட்டர் தர வேண்டியிருக்கிறது. சுமை கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு, சூடு இரண்டு மடங்குக்கும் மேல், அதுவும் 80 நிமிடம் இடைவிடாமல். கொண்டை ஊசியின் உள்வளைவில் வேகம் 10-க்கு இறங்கும்போது தேவை 29 நியூட்டன் மீட்டரைத் தொடும். 250 என்று எழுதிய பல ஹப்கள் எழுதியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தாங்கும், அட்டையில் 40 நியூட்டன் மீட்டர் என்றும் அச்சிட்டிருப்பார்கள். அந்த 40 ஒரு பாலம் ஏறுகிற நேரத்துக்கானது. ஐந்து ரோடு மேம்பாலத்தை ஹப் சைக்கிள் மூச்சு விடாமல் ஏறுவது அதனால்தான்: மேடு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது, மறுபக்கம் இறங்கும்போது மோட்டார் ஆறிவிடுகிறது.

பெடல் அச்சில் உட்காரும் மிட் மோட்டார் இந்தச் சிக்கலைக் கியரால் தீர்க்கிறது. அதன் இழுவை செயின் வழியாகப் பின் பல்சக்கரத்துக்குப் போகிறது. மேடு வந்தால் நீங்கள் பெரிய பல்லுக்கு மாற்றுவீர்கள். சக்கரம் மெதுவாகச் சுற்றும், பெடலும் மோட்டாரும் தங்களுக்குப் பிடித்த வேகத்திலேயே சுற்றும். 10 கிலோமீட்டர் வேகத்திலும் மோட்டார் சுகமாக இருக்கும்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு, கிட் விற்கும் பல இடங்களில் அதைச் சொல்வதில்லை. மிட் கிட்டோடு வரும் முன் பல்சக்கரம் பெரும்பாலும் 44 அல்லது 46 பல். நம் ஊர் கியர் சைக்கிள்களில் இருக்கும் 7 ஸ்பீடு பிரீவீலில், அதாவது பின் பல்சக்கர அடுக்கில், பெரிய பல் 28. 46-க்கு 28 போட்டு, பெடலை நிமிடத்துக்கு 75 சுற்று வைத்தால் சைக்கிள் 15 கிலோமீட்டர் வேகத்தில் போகும். உள்வளைவில் 10-க்கு இறங்கும்போது பெடல் 50 சுற்றுக்கு வந்துவிடும், மோட்டார் திணறும். மிட் மோட்டாருக்குக் கொடுத்த பணம் அந்த இடத்தில் வீண். முன்னால் 42 அல்லது 38 பல், பின்னால் 14-34 பிரீவீல் என்று மாற்றுங்கள். 38-க்கு 34 என்றால் 75 சுற்றில் 10.4 கிலோமீட்டர். கொண்டை ஊசிக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும். சின்ன முன் பல் போடும்போது செயின் கோணம் மாறும், செயின் பின்பக்கச் சட்டத்தில் உரசுகிறதா என்று முதல் நாளே பாருங்கள். ஒரே கியர் உள்ள சைக்கிளில் மிட் மோட்டார் மாட்டுவதில் பொருளே இல்லை. மாற்றக் கியர் இல்லாத இடத்தில் அதுவும் ஒரு ஹப் மோட்டார்தான், கூடுதலாகச் செயின் தேய்மானம் வேறு.

முன் ஹப்புக்கு வருகிறேன். மாட்டுவதற்கு மிக எளிதானது இதுதான். முன் சக்கரத்தைக் கழற்றி மோட்டார் சக்கரத்தைப் போட்டு, மோட்டாருக்குக் கரண்டை அளந்து தரும் கன்ட்ரோலரையும் பேட்டரியையும் இணைத்தால் அரை நாளில் வேலை முடிந்துவிடும். பின்பக்கக் கியரில் கை வைக்க வேண்டாம். பின் சக்கரம் உட்காரும் இடத்தில் 135 மில்லிமீட்டர் இடைவெளி இல்லாத பழைய உயரமான இரும்பு சைக்கிளுக்கு இது ஒன்றே வழியாகவும் இருக்கும். செவ்வாய்ப்பேட்டைக் கடைத்தெருவுக்கும் அம்மாப்பேட்டைக்கும் சரக்குப் பையோடு போய்வர, சமதரையில், கெட்டியான இரும்பு ஃபோர்க்கில் இருந்தால் குறை சொல்ல மாட்டேன்.

மலைக்கு இதை வேண்டாம் என்பேன். சமதரையில் மொத்தப் பாரத்தில் நூற்றுக்கு 40 முன் சக்கரத்தில் இருக்கும். 11 சதவீத மேட்டில் உடல் எடை பின்னால் சாய, அது 28 அல்லது 29 ஆகக் குறையும். 105 கிலோவில் முன் சக்கரம் தரையை அழுத்துவது 30 கிலோதான். அந்த 30 கிலோவை வைத்துக்கொண்டு மோட்டார் 9 கிலோ இழுக்க வேண்டும். காய்ந்த தாரில் முடியும். வளைவின் உள்பக்கம் மழை அடித்துக் கொண்டுவந்து சேர்த்த பொடிமணலில், காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் இலை நனைந்து ஒட்டிக் கிடக்கும் தாரில், சக்கரம் நின்ற இடத்தில் சுற்றும். பின் சக்கரம் வழுக்கினால் சைக்கிள் கொஞ்சம் ஆடும், நீங்கள் சமாளிப்பீர்கள். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் சக்கரம் வழுக்கினால் சமாளிக்க நேரம் இருக்காது.

அதைவிடப் பெரிய ஆபத்து ஃபோர்க்கின் நுனியில் இருக்கிறது. கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். ஹப் மோட்டாரின் ஆக்சில் 12 மில்லிமீட்டர் தடிமன், இரண்டு பக்கமும் 10 மில்லிமீட்டருக்குச் சீவியிருக்கும். மோட்டார் சக்கரத்தை முன்னால் தள்ளும்போது ஆக்சில் பின்னால் திரும்பப் பார்க்கும். அதைத் தடுப்பது டிராப்அவுட் என்கிற அந்தச் சின்னப் பிளவின் இரண்டு உதடுகள் மட்டுமே. 40 நியூட்டன் மீட்டர் திருகல், ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் 400 கிலோ அழுத்தம். இரும்பு உதடு தாங்கும். அலுமினிய உதடு நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக விரியும், முதலில் பெயின்டில் மயிரிழைக் கோடு தெரியும், பிறகு ஒருநாள் சட்டென்று உடையும். ஆக்சில் ஒரு சுற்றுச் சுற்றினாலே உள்ளே போகும் ஒயர்கள் முறுக்கி அறுந்துவிடும், சக்கரம் ஃபோர்க்கை விட்டு வெளியே வந்துவிடும். சஸ்பென்ஷன் ஃபோர்க்கின் கீழ்க்கால்கள் பெரும்பாலும் அலுமினியமோ மெக்னீசியமோதான். அதில் முன் ஹப் மாட்டக் கூடாது. டார்க் ஆர்ம் போட்டாலும் வேண்டாம்.

டார்க் ஆர்ம் என்பது ஆக்சிலின் சீவிய பகுதியில் இறுக்கமாக உட்காரும் ஒரு தகடு. அதன் மறுமுனை ஃபோர்க் காலிலோ பின்பக்கச் சட்டத்திலோ பிடித்திருக்கும். 10 சென்டிமீட்டர் நீளத் தகட்டில் அதே திருகல் 40 கிலோவாக இறங்கிவிடும். கிட்டோடு வருவது பல நேரம் 3 மில்லிமீட்டர் தகடு, துளையும் தொளதொள என்றிருக்கும். எந்த லேத் பட்டறையிலும் 5 அல்லது 6 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் தகட்டில் வெட்டிக் கொடுப்பார்கள். ஆக்சிலைக் கையோடு கொண்டுபோய் வைத்துப் பார்த்து, லேசாகத் தட்டி நுழைக்கும் இறுக்கத்துக்கு அரம் போடச் சொல்லுங்கள். கையால் அசைத்தால் ஆடுகிற டார்க் ஆர்ம் இருந்தும் இல்லாததற்குச் சமம். ஆக்சில் நட்டை 40 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கலாம், அதற்கு மேல் மரை போய்விடும். 30 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியைப் பிடித்து 13 கிலோ எடையைத் தூக்குகிற அளவு அழுத்தினால் அதுதான் 40.

இனி பின் ஹப். ஊருக்குள் மட்டும் ஓட்டுவதற்கு என் தேர்வு இதுவே, யோசிக்க ஒன்றுமில்லை. பாரம் பின் சக்கரத்தில் இருப்பதால் எளிதில் வழுக்காது. பின்பக்கச் சட்டம் முன் ஃபோர்க்கைவிடக் கெட்டி, ஆனாலும் டார்க் ஆர்ம் ஒன்று போடுங்கள். செயின் அறுந்தால் மோட்டார் வீடு சேர்க்கும், மோட்டார் நின்றால் பெடல் சேர்க்கும். வாங்கும்போது மூன்று அளவுகள் பாருங்கள்: டிராப்அவுட் இடைவெளி 135, பின் பல்சக்கர அடுக்கு மரையில் திருகும் பிரீவீல் வகையா நேராகச் செருகும் கேசட் வகையா, டிஸ்க் பிரேக் என்றால் மோட்டாரில் டிஸ்க் பிடிக்கும் ஆறு துளைகள்.

ஹப்பில் இரண்டு இனம். கியர் உள்ள ஹப் 2 முதல் 3 கிலோ. உள்ளே மூன்று நைலான் பல்சக்கரங்கள், ஒருவழிக் கிளட்ச். கரண்ட் இல்லாதபோது சாதாரண சைக்கிள் போலவே லேசாக உருளும். கியர் இல்லாத டைரக்ட் டிரைவ் அதைப் போல இரண்டு மடங்கு எடை, காந்தம் பிடித்து இழுப்பது பெடலில் தெரியும், மேட்டில் மெதுவாகப் போகும்போது கியர் ஹப்பைவிடச் சீக்கிரம் சுடும். அதன் ஒரே மலைப் பயன் இறக்கத்தில் பிரேக்காக வேலை செய்து பேட்டரிக்குக் கொஞ்சம் திருப்பித் தருவது. ஏற்காட்டிலேயே குடியிருந்து காலையில் சேலத்துக்கு இறங்குகிறவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரவு முழு சார்ஜ் ஏற்றிய 48 வோல்ட் பேட்டரி 54.6 வோல்ட்டில் நிற்கும், அதற்குமேல் வாங்க இடமில்லை. முதல் வளைவிலேயே மோட்டார் பிரேக் வேலை செய்யாமல் போகும், அல்லது பேட்டரியின் காவல் சர்க்யூட் எல்லாவற்றையும் துண்டித்துவிடும். 80 சதவீதத்தில் சார்ஜரைக் கழற்றிவிட்டு இறங்குங்கள். மோட்டார் பிரேக் ஆக்சிலை எதிர்ப்பக்கம் திருகும் என்பதால் இரண்டு பக்கமும் டார்க் ஆர்ம் வேண்டும்.

பின் ஹப்பின் உண்மையான தொல்லை பஞ்சர். சாதாரண சைக்கிளில் பத்து நிமிட வேலை. இங்கே முதலில் சுவிட்சை அணைத்து, சட்டத்தின் ஓரமாகப் போகும் ஒயரின் கேபிள் டைகளை வெட்ட வேண்டும். 9 பின் கனெக்டரை முறுக்காமல் நேராக இழுக்க வேண்டும், முறுக்கினால் மோட்டாரின் சுழற்சியை உணரும் ஹால் சென்சாரின் பின்கள் வளையும், பிறகு மோட்டார் உதறிக்கொண்டு சுற்றும். டார்க் ஆர்ம் திருகு, 18 மில்லிமீட்டர் ஸ்பேனரில் இரண்டு நட்டுகள், வாஷர்கள் எந்த வரிசையில் எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்று ஒரு போட்டோ, அதன் பிறகுதான் சக்கரம் வெளியே வரும். திருப்பி மாட்டும்போது ஒயர் வெளியே வரும் பக்கத்தில் ஒரு சின்னத் தொங்கல் வளைவு விடுங்கள், மழைநீர் ஒயர் வழியே ஆக்சிலுக்குள் இறங்காமல் கீழே சொட்டிவிடும். சைக்கிளை அந்தப் பக்கமாகச் சாய்த்துப் போடவே கூடாது. டயருக்கும் டியூபுக்கும் நடுவே ஒரு பட்டையும், டியூபுக்குள் சீலன்ட்டும் போட்டுவிட்டால் இந்த வேலை அடிக்கடி வராது. ஒட்டுப்போடுவது மட்டும் என்றால் சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம், டயரின் ஒரு விளிம்பை மட்டும் எடுத்து டியூபை வெளியே இழுத்து ஒட்டலாம்.

ஸ்போக்ஸ் உடைவதும் பின் ஹப்பில்தான் அதிகம். ஹப் பெரிதாக இருப்பதால் கம்பி குட்டை, கோணம் கூடுதல், பாரமும் அங்கேயே. 12 அல்லது 13 கேஜ் கம்பி கேளுங்கள். முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் எல்லாக் கம்பியையும் விரலால் தட்டிச் சத்தம் ஒன்றுபோல் வருகிறதா பார்த்து இறுக்க வேண்டும்.

பின் ஹப்போடு ஏற்காடு ஏறவே முடியாதா? முடியும், நிபந்தனையோடு. கால்கள் உழைக்க வேண்டும், வேகம் 14-க்குக் கீழே இறங்காமல் பார்க்க வேண்டும். நாலைந்து வளைவுக்கு ஒருமுறை நின்று ஹப்பின் மேல் கை வையுங்கள். ஐந்து விநாடி வைக்க முடியவில்லை என்றால் உள்ளே சுருள் இன்னும் மோசமாகச் சுடுகிறது, வெளி ஓட்டுக்குச் சூடு வந்து சேர நேரமாகும். 20 நிமிடம் நிழலில் நிறுத்துங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம். இன்னொரு வழி 20 அங்குலச் சக்கரம். மடிக்கிற சைக்கிள்களில் இருக்கும் அந்தச் சின்னச் சக்கரத்தில், அதே இழுவைக்குத் தேவைப்படும் திருகு விசை 17.5-லிருந்து 13.5 ஆகக் குறைந்துவிடும். சூடு இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது ஒன்றேகால் மடங்குக்கு வந்துவிடும். மேட்டுக்கு இவ்வளவு மலிவான தீர்வு வேறில்லை.

மாதத்தில் நாலு முறையாவது மேலே போகிறவர், சுமையோடு ஏறுகிறவர், நாகலூர், மஞ்சக்குட்டைப் பக்கம் தோட்டச் சாலைகளில் ஓட்டுகிறவர், மிட் மோட்டாரைத் தவிர வேறு பார்க்க வேண்டாம். பெடல் அச்சு உட்காரும் பாட்டம் பிராக்கெட் குழாய் 68 அல்லது 73 மில்லிமீட்டர் அகலம், உள்விட்டம் 33.5 இருக்க வேண்டும். கிராங்க் புல்லரும் பாட்டம் பிராக்கெட் கருவியும் இல்லாமல் சுத்தியால் தட்டிக் கழற்றினால் மரை போகும். மாட்டிய பிறகு மோட்டாரைப் பிடித்திருக்கும் லாக் நட் கட்டாயம் தளரும். 50 கிலோமீட்டரில் ஒருமுறை, 200-ல் ஒருமுறை இறுக்குங்கள். தளர்ந்த மோட்டார் குழாயின் உள்ளே ஆடிச் சட்டத்தையே தின்றுவிடும். மோட்டார் பெடலுக்குக் கீழே தொங்குவதால் தோட்டச் சாலைக் கல்லில் இடிக்கும், அடியில் ஒரு தகடு போடலாம்.

செயின்தான் மிட் மோட்டாருக்கான விலை. உங்கள் காலும் மோட்டாரும் சேர்ந்து இழுப்பது முழுக்க அதன் மேல் விழுகிறது. மோட்டார் இழுத்துக்கொண்டிருக்கும்போது கியர் மாற்றினால் படீரென்று சத்தம் வரும், பல் மடங்கும், செயின் கண்ணி விரியும். மாற்றுவதற்கு முன் அரை விநாடி பெடலை நிறுத்துங்கள், அல்லது கியர் கேபிளில் சென்சார் வைத்து மோட்டார் தானாக நிற்கும்படி செய்யுங்கள். வளைவுக்குள் நுழைந்த பிறகு மாற்றாமல், வளைவு கண்ணில் பட்டதுமே மாற்றிவிட வேண்டும். செயின் தேய்மானம் அளக்கும் தகடு 0.75-ல் இறங்கினால் செயினை மாற்றுங்கள், தள்ளிப்போட்டால் பிரீவீலும் சேர்ந்து போகும்.

பேட்டரியை மலையை வைத்துக் கணக்கிடுங்கள். மேலே சொன்ன எடையில், கால்களும் உழைத்தால், 20 கிலோமீட்டர் ஏற்றத்துக்கு மிட் மோட்டார் சுமார் 400 வாட் அவர் எடுக்கும், சூட்டில் வீணாவதையும் சேர்த்து ஹப் 460 வரை போகும். 36 வோல்ட், 10 ஆம்பியர் அவர் என்றால் 360 மட்டுமே, கடைசி வளைவுகளுக்கு முன்பே நின்றுவிடும். 48 வோல்ட், 13 ஆம்பியர் அவர் 624 தரும், அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு வழியாக அடிவாரம் வருவதற்கும் மிச்சம் இருக்கும். மோட்டாரும் கன்ட்ரோலரும் அதே வோல்ட்டாக இருக்க வேண்டும்.

அரசாங்கச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 250 வாட்டுக்குக் கீழ், 25 கிலோமீட்டர் வேகத்துக்குள், பேட்டரி நீங்கலாக 60 கிலோவுக்கு மேல் போகாமல் இருந்தால்தான் மோட்டார் வாகனம் என்ற கணக்கில் வராது. மிட் கிட்களில் தாராளமாகக் கிடைக்கும் 500, 750 வாட் இந்த வரம்பைத் தாண்டியவை. கியர் சரியாக இருந்தால் மலைக்கு அவை தேவையும் இல்லை.

இறங்குவதற்கு எந்த மோட்டாரானாலும் முன்னால் 180 மில்லிமீட்டர் டிஸ்க் போடுங்கள், ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கோடு 20 வளைவு இறங்கினால் ரிம் கொதித்து டியூப் வெடிக்கக்கூடும். பையில் 18 ஸ்பேனர், கேபிள் டை பத்து, ஒட்டுச் சாமான், மிட் மோட்டார் என்றால் செயின் கழற்றியும் இரண்டு குயிக் லிங்கும். அடிவாரச் சோதனைச் சாவடி தாண்டுவதற்கு முன் ஆக்சில் நட்டு இரண்டையும் ஒருமுறை ஸ்பேனர் வைத்து அழுத்திப் பாருங்கள்.